நியூனன் சீர்திருத்த ஆலயத்தை விட்டு வெளிவரும் சபையார்

நியூனன் சீர்திருத்த ஆலயத்தை விட்டு வெளிவரும் சபையார் என்பது டச்சு ஓவியர் வின்சென்ட் வான் கோ (1853–1890) வரைந்த எண்ணெய் வண்ண ஓவியம் ஆகும். நெதர்லாந்தின் வடக்கு பிரபாண்ட் மாகாணத்திலுள்ள நியூனன் என்னும் சிற்றூரில், புரட்டஸ்தாந்து ஆலயம் ஒன்றில் ஆராதனை முடிந்து மக்கள் வெளியே வரும் காட்சியை இது சித்தரிக்கிறது. 1884 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வரையப்பட்ட இவ்வோவியம், 1885 ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் ஓவியராலேயே பெரிதும் மாற்றி வரையப்பட்டது. ஆம்ஸ்டர்டாம் நகரிலுள்ள வான் கோ அருங்காட்சியகத்தில் இது வைக்கப்பட்டுள்ளது. 2002 ஆம் ஆண்டில் அங்கிருந்து களவாடப்பட்டு, 2016 ஆம் ஆண்டில் இத்தாலியில் கண்டெடுக்கப்பட்டு, 2017 ஆம் ஆண்டில் திரும்பி வந்தது.

களவின் காரணமாகவே இவ்வோவியத்தின் பெயர் செய்தித்தாள்களில் பரவலாக இடம்பெற்றது. எனினும் வான் கோவின் வாழ்க்கையை அறிய விரும்புவோருக்கு இதன் சிறப்பு வேறொன்றாகும். ஒரே துணியில், இரண்டு ஆண்டுகளில், இரண்டு வேறு மனநிலைகளில் வரையப்பட்ட படம் இது. முதலில் நோயுற்றுக் கிடந்த தாயை மகிழ்விக்க வரையப்பட்டது. பின்னர் தந்தையின் மறைவுக்குப் பிறகு அதே படத்தில் துக்க உடை அணிந்தவர்கள் சேர்க்கப்பட்டனர்.

காட்சி

ஓவியம் 41.5 செ.மீ உயரமும் 32.2 செ.மீ அகலமும் கொண்டது. ஏறத்தாழ ஓர் ஏ3 தாளின் அளவே ஆகும். நூல்களில் பெரிதாக அச்சிடப்பட்ட படத்தைக் கண்டு பழகியவர்களுக்கு இச்சிறிய அளவு வியப்பளிக்கக்கூடும். களவாடியவர்கள் இதனைத் தேர்ந்தெடுத்தமைக்கும் இவ்வளவே ஒரு காரணமாயிற்று.

படத்தின் நடுவே எண்கோண வடிவிலான சிறிய ஆலயம் நிற்கிறது. அதன் கூரையின் உச்சியில் ஒரு சிறு கோபுரம் உள்ளது. ஆலயத்தைச் சுற்றிலும் மெலிந்த மரங்களும் வேலிச்செடிகளும் காணப்படுகின்றன. மரங்களில் செம்மஞ்சளும் பழுப்புமான இலைகள் ஒட்டிக்கொண்டுள்ளன. முன்புறத்தில் இருண்ட உடை அணிந்த ஆண்களும் பெண்களும் ஆலயத்தை விட்டு வெளிவருகின்றனர். அவர்களுள் சில பெண்கள் துக்கச் சால்வை அணிந்துள்ளனர். முகங்கள் தெளிவாக வரையப்படவில்லை. சபையின் போதகர் என இனங்காணத்தக்க உருவம் எதுவும் படத்தில் இல்லை. அக்காலத்தில் அச்சபையின் போதகராக இருந்தவர் ஓவியரின் தந்தையே என்பதை அறிந்தபின் இந்த இல்லாமை கண்ணில் படுகிறது.

மஞ்சளும் நீலமும் ஒளிரும் 'சூரியகாந்திகள்' போன்ற பிற்கால ஓவியங்களை மட்டும் கண்டவர்கள் இதனை வான் கோவின் படைப்பு என்று எளிதில் கண்டுகொள்ளமாட்டார்கள். பழுப்பு, சாம்பல், மங்கிய பச்சை ஆகிய மண் நிறங்களே இங்கு மேலோங்கியுள்ளன. பாரிஸ் நகருக்குச் சென்று உணர்வுப்பதிவுவாத ஓவியர்களின் படங்களைக் காண்பதற்கு முன், அவர் தம் நாட்டில் வரைந்த படங்கள் பெரும்பாலும் இத்தகையனவே.

இது ஒரு பவனியா?

ஆலய வாசலிலிருந்து மக்கள் கூட்டமாக வருவதைக் காணும்போது முதற்பார்வையில் இதனை ஒரு சமயப் பவனி என எண்ண இடமுண்டு. அவ்வாறன்று. இங்கு சிலுவையோ கொடியோ சுருவமோ ஏந்தப்படவில்லை. வழிபாடு முடிந்தவர்கள் வீடு திரும்புகின்றனர், அவ்வளவே. இந்த வேறுபாடு அக்கால நெதர்லாந்தில் சிறிய செய்தி அன்று.

பவனி என்பது கத்தோலிக்க மரபிற்குரியது. கால்வினின் போதனையைப் பின்பற்றும் சீர்திருத்தத் திருச்சபையில் அதற்கு இடமில்லை. நெதர்லாந்தின் 1848 ஆம் ஆண்டு அரசியலமைப்பு எல்லாச் சமயத்தாருக்கும் வழிபாட்டுரிமை வழங்கியபோதிலும், அவ்வுரிமையைக் கட்டடங்களுக்கும் மூடிய இடங்களுக்கும் உட்பட்டதாகவே வரையறுத்தது. திறந்த வெளியில் வழிபாடு நடத்த, முன்னரே அதற்குச் சட்டப்படி அனுமதி இருந்த இடங்களில் மட்டுமே இயலும். 'பவனித் தடை' என அறியப்பட்ட இவ்விதி நடைமுறையில் கத்தோலிக்கர்களையே பாதித்தது. 1983 ஆம் ஆண்டின் அரசியலமைப்புத் திருத்தத்தின்போதே இது நீக்கப்பட்டது. ஆகவே வான் கோ வாழ்ந்த காலத்தில் தெருவில் செல்லும் பவனி என்பது சட்டமும் சமயமும் மோதிக்கொள்ளும் ஒரு பொருளாக இருந்தது. ஆலயத்திலிருந்து வீடு திரும்பும் புரட்டஸ்தாந்துச் சபையாரைப் பற்றி எவருக்கும் ஆட்சேபம் இருந்திருக்க முடியாது.

நியூனனும் எண்கோண ஆலயமும்

பிரபாண்ட் பகுதி மக்களுள் மிகப் பெரும்பான்மையோர் கத்தோலிக்கர்கள். நியூனனும் அவ்வாறே. படத்திலுள்ள ஆலயம் 1824 ஆம் ஆண்டில் கட்டப்பட்டது. ஊரின் சிறுபான்மையான புரட்டஸ்தாந்தினருக்கு உரியது. நாடு முழுவதிலும் செல்வாக்குப் பெற்றிருந்த ஒரு திருச்சபை இவ்வூரில் சிறு குழுவாகவே இருந்தது.

இதற்கு ஒரு வரலாற்றுப் பின்னணி உண்டு. 1648 ஆம் ஆண்டில் ஸ்பெயினுடனான போர் முடிவுற்று பிரபாண்டின் வடபகுதி டச்சுக் குடியரசின் ஆட்சிக்குள் வந்தபோது, அங்கிருந்த பழைய கத்தோலிக்க ஆலயங்கள் புரட்டஸ்தாந்தினரிடம் ஒப்படைக்கப்பட்டன. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் பிரெஞ்சுப் புரட்சியின் தாக்கம் நெதர்லாந்தை எட்டியபின் நிலைமை மாறியது. பழைய ஆலயங்கள் பல கத்தோலிக்கர்களிடம் திரும்பின. எண்ணிக்கையில் குறைந்த புரட்டஸ்தாந்தினர் தமக்கெனச் சிறிய புதிய ஆலயங்களைக் கட்டிக்கொண்டனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் பிரபாண்டில் எழுந்த சிற்றாலயங்கள் பலவும் இத்தகையவை.

எண்கோண வடிவமும் தற்செயலானதன்று. கத்தோலிக்க வழிபாட்டின் மையம் பலிபீடம் ஆகும். எனவே அவ்வாலயங்கள் வாயிலிலிருந்து பீடத்தை நோக்கி நீண்டு செல்வன. சீர்திருத்தத் திருச்சபையில் பிரசங்கமே முதன்மை பெறுகிறது. போதகரின் குரல் எல்லோர் செவியிலும் சமமாக விழ வேண்டுமாயின், மக்கள் பிரசங்க பீடத்தைச் சூழ்ந்து அமர்வதே நன்று. இக்காரணத்தால் வட்டத்தை ஒத்த எண்கோணம் விரும்பப்பட்டது. நெதர்லாந்தில் புரட்டஸ்தாந்து வழிபாட்டிற்கெனவே தொடக்கத்தில் கட்டப்பட்ட வில்லெம்ஸ்டாட் நகர ஆலயமும் (1607) எண்கோண வடிவினதே. இச்சீர்திருத்தத் திருச்சபையை இலங்கை வாசகர்கள் வேறொரு வழியாக அறிந்திருப்பர்: கொழும்பிலுள்ள வுல்ஃபெண்டால் ஆலயம் டச்சுக்காரரால் பதினெட்டாம் நூற்றாண்டில் இத்திருச்சபைக்காகக் கட்டப்பட்டதேயாகும்.

ஓவியரின் தந்தை தியோடோரஸ் வான் கோ 1882 ஆம் ஆண்டில் நியூனன் சபையின் போதகராகப் பொறுப்பேற்றார். வாழ்நாள் முழுவதும் பிரபாண்டின் சிறிய சபைகளிலேயே பணியாற்றியவர் அவர்.

தந்தையும் மகனும்

வான் கோ இளமையில் மிகுந்த சமயப் பற்றுடையவர். தந்தையைப் போலப் போதகராகும் எண்ணத்துடன் ஆம்ஸ்டர்டாமில் இறையியல் படிப்பிற்குத் தம்மை ஆயத்தம் செய்தார், அது முற்றுப்பெறவில்லை. 1879 ஆம் ஆண்டில் பெல்ஜியத்தின் பொரினாஜ் நிலக்கரிச் சுரங்கப் பகுதியில் நற்செய்திப் பணியாளராக இருந்தார். தம் உடைமைகளை ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டுத் தாமும் அவர்களைப் போலவே வாழத் தலைப்பட்டார். மேலிடம் அவரது பணியை நீட்டிக்கவில்லை. அதன்பின் நிறுவனச் சமயத்திலிருந்து அவர் படிப்படியாக விலகினார்.

1881 ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளன்று, அப்போது குடும்பம் வாழ்ந்த எட்டன் என்னும் ஊரில், ஆலயத்திற்கு வர இயலாது என்று அவர் மறுத்துவிட்டார். தந்தையுடன் கடும் வாக்குவாதம் மூண்டது. அன்றே வீட்டை விட்டு வெளியேறினார். ஹேக் நகரில் இரண்டு ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவாகவும், வடக்கே திரெந்தெ பகுதியில் சில மாதங்களும் கழித்த பின், கையில் பணமின்றி 1883 டிசம்பரில் நியூனனிலிருந்த பெற்றோரிடம் திரும்பினார். போதகர் இல்லத்தின் பின்புறமிருந்த துணி வெளுக்கும் அறை அவருக்கு ஓவியக்கூடமாக ஒதுக்கித் தரப்பட்டது. இரு தரப்பிலும் மனத்தாங்கல் நீங்கவில்லை. முப்பது வயது நிரம்பிய மகன் வேலையின்றி வீட்டில் இருப்பதும், சபையின் கண்முன்னே ஆலயத்திற்கு வராதிருப்பதும் ஒரு போதகரின் குடும்பத்திற்கு எளிதில் தாங்கக்கூடியவை அல்ல.

தாய்க்காக வரைந்த படம்

1884 சனவரி 17 அன்று ஓவியரின் தாய் அன்னா கார்பெந்துஸ், ஹெல்மண்ட் நகரில் தொடருந்திலிருந்து இறங்கும்போது விழுந்து தொடை எலும்பு முறிந்தது. அறுபது வயதைக் கடந்தவருக்கு அக்கால மருத்துவத்தில் இது உயிருக்கே ஆபத்தாக முடியக்கூடிய காயமாகும். நெடுநாள் படுக்கையில் இருக்க வேண்டியதாயிற்று. வின்சென்ட் தாயை மிகுந்த கவனத்துடன் பேணினார். வீட்டில் அவர் மீதிருந்த கசப்பு அந்நாள்களில் ஓரளவு தணிந்தது.

தாயின் மனம் சிறிய செய்திகளிலும் மகிழ்ச்சி காண்கிறது என்றும், அவருக்காக வேலியும் மரங்களும் சூழ்ந்த சிற்றாலயத்தை வரைந்ததாகவும் தம்பி தியோவுக்கு எழுதிய கடிதத்தில் அவர் தெரிவித்தார். அப்படத்தின் சிறு வரைபடம் ஒன்றையும் அவர் தியோவுக்கு அனுப்பினார். கணவர் பிரசங்கம் செய்யும் ஆலயத்திற்குச் செல்ல இயலாமல் கிடந்த பெண்மணிக்கு, அவ்வாலயத்திற்குள் செல்ல மறுத்த மகன் அதனை வரைந்து கொடுத்தார். வான் கோவின் சமய வாழ்வைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அவரது கடிதங்களையே மேற்கோள் காட்டுகின்றனர். இப்படத்தையும் அவற்றோடு சேர்த்துக் கருதுவது தகும்.

அவ்வரைபடத்தில் இன்று நாம் காணும் சபையார் இல்லை. வேலிக்கு முன்னே மண்வெட்டியுடன் ஓர் உழவர் மட்டுமே நிற்கிறார். மரங்கள் குளிர்காலத்திற்கேற்ப இலையின்றி உள்ளன.

அடியில் மறைந்த உழவர்

ஓவியத்தை எக்ஸ்-கதிர் கொண்டு ஆராய்ந்தபோது, வரைபடத்தில் இருந்த அதே உழவர் இன்றைய மேற்பரப்பின் அடியில் இருப்பது தெரியவந்தது. இது எவ்வாறு இயலும் என்பதைச் சுருக்கமாக விளக்கலாம். அக்கால ஓவியர்கள் ஈயச் சேர்மத்தால் ஆன வெள்ளை நிறமியைப் பரவலாகப் பயன்படுத்தினர். ஈயம் அணு எண் மிகுந்த தனிமம். எக்ஸ்-கதிர்களைப் பெருமளவு உறிஞ்சிக்கொள்ளும். துணி, எண்ணெய், இலேசான தனிமங்களாலான நிறமிகள் ஆகியவற்றின் வழியே கதிர்கள் எளிதில் ஊடுருவிச் செல்லும். எனவே ஈயம் மிகுந்த தீற்றல்கள், அவற்றின்மீது வேறு வண்ணம் பூசப்பட்டிருந்தாலும், படலத்தில் வெளிறிய உருவங்களாகத் தெரிகின்றன. மருத்துவமனையில் எலும்பு தெரிவதும் இதே தத்துவப்படியே.

இவ்வாறு, மண்வெட்டி ஏந்திய உழவரை மறைத்து அவ்விடத்தில் சபையாரை வரைந்ததும், இலையற்ற மரங்களுக்கு இலையுதிர் கால இலைகளைச் சேர்த்ததும் பிற்கால மாற்றங்கள் என உறுதியாயிற்று. இம்மாற்றங்கள் 1885 ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் செய்யப்பட்டவை.

வான் கோ தம் பழைய துணிகளின்மீது புதிய படம் வரைவது அரிதன்று. துணிக்குச் செலவிடப் பணம் போதாமையே வழக்கமான காரணம். ஆனால் அத்தகைய தருணங்களில் அவர் பழைய படத்தை முற்றிலும் மறைத்துவிடுவார். இங்கோ ஆலயம் அப்படியே விடப்பட்டு, மனிதர்களும் பருவமும் மட்டும் மாற்றப்பட்டுள்ளனர். துணியை மிச்சம்பிடிக்கும் நோக்கத்தால் இதனை விளக்க இயலாது.

1885 ஆம் ஆண்டு

இடைப்பட்ட காலத்தில் நிகழ்ந்தவற்றுள் முதன்மையானது தந்தையின் மறைவு. 1885 மார்ச் 26 அன்று தியோடோரஸ் வான் கோ வெளியே சென்று திரும்பியபோது வீட்டு வாசலிலேயே விழுந்து உயிர்துறந்தார். மார்ச் 30 அன்று நல்லடக்கம் நடைபெற்றது. அது வின்சென்ட்டின் முப்பத்திரண்டாம் பிறந்தநாள்.

சபையாரிடையே துக்கச் சால்வை அணிந்த பெண்களைச் சேர்த்தது இம்மறைவைக் குறிப்பதாக இருக்கலாம் என்று வான் கோ அருங்காட்சியகத்தின் ஆய்வாளர்கள் கருதுகின்றனர். இதனை ஒரு நியாயமான ஊகமாகவே கொள்ளவேண்டும். ஆயினும் அவ்வாண்டின் பிற படங்களை அருகில் வைத்து நோக்கினால் ஊகம் வலுப்பெறுகிறது.

தந்தை அடக்கம் செய்யப்பட்ட கல்லறைத் தோட்டத்தில், ஊருக்கு வெளியே வயல்களின் நடுவே, ஒரு பழைய கத்தோலிக்க ஆலயத்தின் கோபுரம் மட்டும் எஞ்சியிருந்தது. 1885 இல் அது இடிக்கப்பட்டது. இடிபடும் நிலையில் கூர்முனை இழந்து நின்ற அக்கோபுரத்தையும், சுற்றிலும் சிதறிக் கிடந்த மரச்சிலுவைகளையும் வான் கோ அவ்வாண்டில் வரைந்தார். சமயமும் அதன் கட்டடங்களும் சிதைந்துபோகின்றன, உழவரின் வாழ்வும் சாவுமோ மாறாமல் தொடர்கின்றன என்பதையே அப்படத்தில் உணர்த்த விரும்பியதாகத் தியோவுக்கு அவர் எழுதினார். அவரது புகழ்பெற்ற 'உருளைக்கிழங்கு உண்போர்' ஓவியமும் அந்த வசந்த காலத்தில் வரையப்பட்டதே.

அக்டோபர் மாதத்தில் மற்றொரு படம் உருவானது. தந்தைக்குரிய கனத்த விவிலிய நூல் மேசைமீது விரிந்து கிடக்கிறது. ஏசாயா ஆகமத்தின் 53 ஆம் அதிகாரம் திறந்துள்ளது. அருகே அணைந்த மெழுகுவர்த்தி. முன்னே மஞ்சள் அட்டையுடன் எமிலி சோலா எழுதிய 'வாழ்வின் மகிழ்ச்சி' என்னும் பிரெஞ்சுப் புதினம், பலமுறை படித்துத் தேய்ந்த நிலையில் உள்ளது. அக்கால பிரெஞ்சுப் புதினங்களைத் தந்தை ஏற்கவில்லை. அவற்றைக் குறித்துத் தந்தைக்கும் மகனுக்கும் இடையே பூசல்கள் நிகழ்ந்ததுண்டு. இப்படமும் சிற்றாலயப் படத்தின் திருத்தமும் ஒரே பருவத்திற்குரியவை என்பது கவனிக்கத்தக்கது. ஒன்றில் தந்தையின் நூலையும் மற்றொன்றில் தந்தையின் ஆலயத்தையும் அவர் கையாண்டுள்ளார். இரண்டிலும் தந்தை இல்லை.

அவ்விலையுதிர் காலம் வான் கோவுக்கு வேறு வகையிலும் நெருக்கடியானது. தந்தை மறைந்தபின் தங்கை அன்னாவுடன் ஏற்பட்ட பிணக்கால் அவர் போதகர் இல்லத்தை விட்டு வெளியேறி, கத்தோலிக்க ஆலயப் பணியாளர் ஒருவரின் வீட்டிலிருந்த தம் ஓவியக்கூடத்திலேயே வசித்தார். 'உருளைக்கிழங்கு உண்போர்' ஓவியத்தில் இடம்பெற்ற இளம்பெண் ஒருவர் கருவுற்றபோது ஊரார் அவர்மீது பழி சுமத்தினர். அவர் அதை மறுத்தார். தம் பங்கு மக்கள் எவரும் அவருக்கு மாதிரியாக அமரக்கூடாது என்று கத்தோலிக்கக் குரு அறிவுறுத்தினார். உழவரை வரைவதையே வாழ்வின் பணியாகக் கொண்டிருந்தவருக்கு உழவர் எவரும் முன்வரவில்லை. பறவைக் கூடுகள், பழங்கள், உருளைக்கிழங்குகள் ஆகியவற்றை அவர் அப்போது வரைந்துகொண்டிருந்தார். ஏற்கெனவே வரைந்திருந்த உழவர் ஒருவரைத் தம் கையாலேயே மறைத்து, தாம் சேராத சபையின் மக்களை அவ்விடத்தில் நிறுத்தியதும் அக்காலத்தில்தான்.

1885 நவம்பரில் வான் கோ ஆண்ட்வெர்ப் நகருக்குப் புறப்பட்டார். அதன்பின் நெதர்லாந்திற்கு அவர் திரும்பவேயில்லை. நியூனனில் கழிந்த இரண்டு ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ 200 எண்ணெய் வண்ண ஓவியங்களை அவர் வரைந்திருந்தார். அவரது ஓவியங்களில் நாலில் ஒரு பங்கு இதுவாகும். அவற்றுள் பல, தாய் 1886 இல் பிரெடா நகருக்குக் குடிபெயர்ந்தபோது பெட்டிகளில் அடைக்கப்பட்டு ஒரு தச்சரிடம் விடப்பட்டுப் பின்னர் பழம்பொருள் வணிகரிடம் சென்று சேர்ந்தன. சிற்றாலயப் படம் குடும்பத்தாரின் சேகரிப்பிலேயே நிலைத்து, 1962 இல் வான் கோ அறக்கட்டளைக்கு மாறியது. 1973 இல் திறக்கப்பட்ட அருங்காட்சியகத்தில் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது.

2002 ஆம் ஆண்டுக் களவு

2002 டிசம்பர் 7 அன்று காலை, அருங்காட்சியகம் திறப்பதற்கு முன், இருவர் ஏணி வைத்துக் கட்டடத்தின் கூரையில் ஏறினர். சம்மட்டியால் சாளரக் கண்ணாடியை உடைத்து உள்ளே நுழைந்தனர். சிற்றாலயப் படத்தையும், 1882 இல் வான் கோ வரைந்த 'ஸ்கெவெனிங்கென் கடற்காட்சி' என்னும் படத்தையும் எடுத்துக்கொண்டு கயிற்றின் வழியே இறங்கித் தப்பினர். எச்சரிக்கைக் கருவி ஒலித்தது. காவலர் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. தமக்கு 3 நிமிடம் 40 வினாடியே தேவைப்பட்டது என்று களவாடியவர்களுள் ஒருவரான ஒக்டாவ் டர்ஹாம் பிற்காலத்தில் கூறினார். பாதுகாப்பு அமைப்புகளை வடிவமைப்போர் நினைவிற்கொள்ள வேண்டிய எண் இது: கருவி பழுதின்றி இயங்கியது, ஆனால் அது எழுப்பிய ஒலிக்கு எவரேனும் விடையளிக்க எடுக்கும் நேரம் அதனினும் நீண்டதாக இருந்தது.

புகழ்பெற்ற படங்களையே எடுக்க எண்ணியதாகவும், 'சூரியகாந்திகள்' பலமாகக் காக்கப்பட்டிருந்ததாகவும், 'உருளைக்கிழங்கு உண்போர்' உடைத்த துளையின் வழியே கொண்டுசெல்ல முடியாத அளவு பெரிதாக இருந்ததாகவும் டர்ஹாம் தெரிவித்தார். ஆகவே அருகிலிருந்த இரு சிறிய படங்கள் கைக்கு அகப்பட்டன. அவற்றின் வரலாறு அவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. கயிற்றில் இறங்கும்போது தரையில் மோதியதில் கடற்காட்சியின் கீழ் இடது மூலையில் வண்ணம் பெயர்ந்தது. சட்டங்கள் கழற்றி எறியப்பட்டன.

களவிடத்தில் விட்டுச்சென்ற தொப்பிகளிலிருந்து கிடைத்த மரபணுச் சான்றைக் கொண்டு டர்ஹாமும் ஹெங்க் பீஸ்லைன் என்பவரும் கைதாகினர். 2004 ஆம் ஆண்டில் முறையே நான்கரை ஆண்டும் நான்கு ஆண்டும் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. இருவரும் குற்றத்தை மறுத்தனர். படங்கள் எங்கே என்பது வெளிவரவில்லை. அமெரிக்கக் கூட்டரசுப் புலனாய்வுத் துறை 2005 இல் வெளியிட்ட முதன்மையான பத்துக் கலைக் குற்றங்களின் பட்டியலில் இக்களவும் இடம்பெற்றது.

புகழ்பெற்ற ஓவியத்தைக் களவாடுவது எளிது, விற்பது கடினம் என்பார்கள். திறந்த சந்தையில் எவரும் வாங்க இயலாது. ஆயினும் குற்றக் குழுக்களிடையே அதற்கு வேறொரு மதிப்பு உண்டு: கடனுக்கு ஈடாகவோ, பின்னொரு நாள் அரசுடன் பேரம் பேசுவதற்கோ அது பயன்படும். இப்படங்களும் அவ்வாறே கைமாறின. டர்ஹாமின் கூற்றுப்படி, முதலில் வாங்க இசைந்தவர் 1983 இல் ஃப்ரெடி ஹைனெக்கனைக் கடத்தியவர்களுள் ஒருவரான கோர் வான் ஹவுட். அவர் 2003 சனவரியில் சுட்டுக்கொல்லப்பட்டார். பின்னர் நேப்பிள்ஸ் பகுதியின் கமோரா குற்றக் குழுவைச் சேர்ந்த போதைப்பொருள் வணிகர் ராஃபாயெலே இம்பெரியாலே ஏறத்தாழ 350,000 யூரோவுக்கு இரண்டையும் வாங்கினார்.

மீட்பும் சீரமைப்பும்

2016 ஆம் ஆண்டில் நேப்பிள்ஸ் அரசு வழக்கறிஞர்கள் இம்பெரியாலேயின் குழுவைக் குறித்து விசாரித்துவந்தனர். படங்கள் தம்மிடம் உள்ளன என்பதை அவர் அவ்வாண்டில் எழுத்து மூலம் ஒப்புக்கொண்டார். நேப்பிள்ஸுக்கு அருகிலுள்ள காஸ்தெல்லாம்மாரே தி ஸ்தாபியா என்னும் ஊரில், அவருடன் தொடர்புடைய ஒரு வீட்டில், துணியில் சுற்றப்பட்ட நிலையில் இரு ஓவியங்களும் கிடைத்தன. 2016 செப்டம்பர் 30 அன்று இச்செய்தி அறிவிக்கப்பட்டது. இம்பெரியாலே 2021 இல் துபாயில் கைதாகி, 2022 இல் இத்தாலிக்கு அனுப்பப்பட்டார்.

2017 பிப்ரவரியில் நேப்பிள்ஸின் கப்போதிமொந்தே அருங்காட்சியகத்தில் சில நாள்கள் காட்சிக்கு வைக்கப்பட்ட பின், மார்ச் 21 அன்று படங்கள் ஆம்ஸ்டர்டாமில் மீண்டும் மக்களுக்குக் காட்டப்பட்டன. பதினான்கு ஆண்டுகள் மறைவில் கிடந்தும் சிற்றாலயப் படத்திற்கு ஓரங்களில் சிறு சேதங்கள் மட்டுமே நேர்ந்திருந்தன. சீரமைப்புப் பணிகள் முடிந்து 2019 ஏப்ரலில் இரு படங்களும் நிரந்தரக் காட்சிக்குத் திரும்பின.

இம்மீட்பினால் காப்பாற்றப்பட்ட ஒரு சிறு பொருளையும் குறிப்பிட வேண்டும். வான் கோவின் துணிகள் பெரும்பாலும் பிற்காலத்தில் வேறு துணிமீது ஒட்டப்பட்டு, புதிய மரச்சட்டங்களில் இழுத்துக் கட்டப்பட்டுள்ளன. வான் கோ அருங்காட்சியகத்தின் ஓவியங்களுள் ஓவியர் காலத்து மூலச் சட்டத்திலேயே இன்றும் இருப்பது இப்படம் ஒன்றே. அச்சட்டத்தின்மீது வண்ணத் தெறிப்புகள் காணப்படுகின்றன. வான் கோ தம் தூரிகைகளை அதன்மீது துடைத்திருக்கலாம் எனக் கருதப்படுகிறது. களவாடியவர்கள் வெளிச்சட்டத்தை மட்டும் கழற்றிவிட்டு இதனை விட்டுவைத்தது நற்பேறு.

நியூனனில் வரைந்த மற்றொரு படத்திற்கும் இதே கதி நேர்ந்தது. குரோனிங்கன் அருங்காட்சியகத்திற்குரிய 'வசந்த காலத்தில் நியூனன் போதகர் இல்லத் தோட்டம்' (1884) என்னும் ஓவியம் லாரன் நகரின் சிங்கர் அருங்காட்சியகத்திற்கு இரவலாக வழங்கப்பட்டிருந்தது. கொரோனாப் பெருந்தொற்றால் அவ்வருங்காட்சியகம் மூடப்பட்டிருந்த வேளையில், 2020 மார்ச் 30 அன்று, வான் கோவின் பிறந்தநாளிலேயே, அது களவாடப்பட்டது. கலைப்பொருள் துப்பறிவாளர் ஆர்தர் பிராண்டிடம் 2023 செப்டம்பரில் ஒரு கடைப் பையில் வைத்து அது ஒப்படைக்கப்பட்டது. அப்படத்தின் பின்னணியில் தெரிவது, இடிக்கப்படுவதற்கு முந்தைய பழைய கோபுரமே ஆகும்.

நியூனனில் இன்று

எண்கோண ஆலயம் இன்றும் நியூனனில் நிற்கிறது. ஊரார் அதனை 'வான் கோ சிற்றாலயம்' என அழைக்கின்றனர். வான் கோ வரைந்த இடங்களுள் பல இவ்வூரில் அடையாளமிடப்பட்டுள்ளன. அவரது நியூனன் வாழ்க்கையைக் காட்டும் சிறு அருங்காட்சியகம் ஒன்று விரிவாக்கப்பட்டு 2023 இல் மீண்டும் திறக்கப்பட்டது. பழைய கோபுரம் இருந்த கல்லறைத் தோட்டத்தில் போதகர் தியோடோரஸ் வான் கோவின் கல்லறையைக் காணலாம்.